மணிமேகலை எங்கே?

போன மாதம் ஒரு சனிக்கிழமை, சிங்கப்பூர் ஈசூனில் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ‘பொன்னியின் செல்வன்’ பேச்சு வந்தது. அக்கா மகள் உயர்நிலை மூன்று படிக்கிறாள். படத்தின் இரண்டு பாகங்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தவள். குந்தவையும் நந்தினியும் நேருக்கு நேர் நிற்கும் காட்சியை நடித்தே காட்டுவாள். “மணிமேகலையை உனக்குப் பிடிக்குமா?” என்று கேட்டேன்.

“அது யாரு சித்தி?”

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. படத்தில் மணிமேகலை இல்லவே இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்தும் எனக்கு மனசு ஆறவில்லை.

கல்கியின் நாவலில் அவள் கடம்பூர்ச் சிற்றரசர் சம்புவரையரின் மகள், கந்தமாறனின் தங்கை. அண்ணன் தன் நண்பனைப் பற்றி ஓயாமல் சொன்ன கதைகளைக் கேட்டே, முகம்கூடப் பார்க்காத கதாநாயகன் வந்தியத்தேவனை மனசில் வரித்துக்கொண்டவள். அதே அண்ணன், தங்கைக்குப் பெரிய இடம் பார்த்திருப்பதாகச் சொல்லி அவளை மறந்துவிடும்படி நண்பனிடம் சொல்கிறான். வந்தியத்தேவன் மனசோ பிறகு குந்தவையிடம் போய்விடுகிறது. பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற பழி அவன்மேல் விழும்போது ‘நான்தான் கொன்றேன்’ என்று சொல்லத் துணிவது யார்? மணிமேகலைதான். அத்தனை அரச விவகாரங்களையும் எழுதிய கல்கி, ஐந்தாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தை அவளுக்குத்தான் கொடுத்திருக்கிறார். தலைப்பு ‘மலர் உதிர்ந்தது’. வந்தியத்தேவன் மடியில் அவள் உயிர் போகிறது.

முடிவைச் சொல்லிவிட்டேனே என்று யாரும் வருந்த வேண்டாம். தெரிந்துகொண்டு திரும்பப் படிக்கும்போதுதான் முதல் பாகத்தில் கந்தமாறன் தங்கையைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு வரியும் வலிக்கும்.

படத்தை நான் பழிக்கவில்லை. 2022இல் முதல் நாளே போய்ப் பார்த்தவள் நான். இரண்டு பாகமும் சேர்ந்து ஐந்தரை மணி நேரம். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர்கதையை அதற்குள் அடைப்பதென்றால் யாரையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். என் வருத்தமெல்லாம், படம் பார்த்தவர்கள் ‘கதை தெரிந்துவிட்டது, இனி புத்தகம் எதற்கு’ என்று சொல்வதில்தான். தெரிந்தது கதையில் பாதிகூட இல்லை. சேந்தன் அமுதனை எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குப் பூமாலை கட்டிக் கொடுக்கும் பிள்ளை அவன். நாவலில், சோழ அரியணைக்கு உரிமை கொண்டாடும் மதுராந்தகன் உண்மையில் அவன்தான்; அருள்மொழிவர்மன் கிரீடத்தைக் கொண்டுபோய் அவன் தலையில் வைக்கிறான். படத்தில் அந்தப் பிறப்பு ரகசியமே கிடையாது, நாம் ஆரம்பத்திலிருந்து பார்த்த மதுராந்தகனுக்கே கிரீடம் போகிறது. திரைக்கு அது சிக்கனமான முடிவாக இருக்கலாம். படிக்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்த இடம் அது, அதைத் திரையில் தேடித் தேடி ஏமாந்தேன்.

எல்லாப் படமும் குறைத்துத்தான் எடுக்கிறது என்றும் இல்லை. பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்த சின்ன நாவல். கொலை செய்துவிட்டு அய்யாவோடு காட்டில் ஒளிந்து திரியும் பதினைந்து வயதுச் சிதம்பரத்தின் எட்டு நாட்கள். 2019இல் ‘அசுரன்’ ஆனபோது கதை அப்பா பக்கம் சாய்ந்தது. நாவலில் இல்லாத அவருடைய இளமைக் காலம் முழுசாகச் சேர்ந்தது. நல்ல படம். ஆனால் அந்தப் பையனின் பயத்தையும் பசியையும் அவன் கூடவே நடந்து உணர வேண்டுமென்றால் பூமணியிடம்தான் போக வேண்டும்.

படிப்பதில் எனக்குக் கிடைக்கும் சுகம் என்ன என்று யோசித்தால், அவசரமில்லாத நேரம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. படம் கமல்ஹாசன் குரலோடும் ஆதித்த கரிகாலனின் போரோடும் தொடங்குகிறது. நாவலோ ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. (இன்றைய வீராணம் ஏரிதான் அது. சென்னைக்குக் குடிதண்ணீர் போகிறதே, அதே ஏரி.) தண்ணீர் நுரைத்து ஓட, சனங்கள் சித்திரான்னம் கட்டிக்கொண்டு கரைக்கு வர, வந்தியத்தேவன் குதிரைமேல் மெதுவாகப் போகிறான். யாருக்கும் எந்த அவசரமும் இல்லை. காலை எட்டு மணி ரயில் கூட்டத்தில் ராஃபிள்ஸ் பிளேஸ் வரை நின்றுகொண்டே படித்தபோதும் அந்தக் காற்று என்மேல் அடித்தது. வாரப் பத்திரிகைக்கு எழுதியதால் அத்தியாயங்களும் சிறியவை. ஒரு பயணத்துக்கு மூன்று முடித்துவிடலாம்.

நம் பிள்ளைகளில் நிறையப் பேருக்குத் தமிழ் உரைநடை என்றால் கருத்தறிதல் பயிற்சித்தாள்தான். ஒரு பத்தி, கீழே ஐந்து கேள்வி. ஐந்து பாகத்தை நீட்டி ‘படி’ என்றால் மிரளத்தான் செய்வார்கள். அதனால் அங் மோ கியோ நூலகத்திலிருந்து முதல் பாகத்தை இரவல் எடுத்து வந்தேன். இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் அழைத்து நான் வாசிக்கிறேன், அவள் கேட்கிறாள். ‘சித்திரான்னம்னா என்ன’, ‘ஏன் சித்தி சாமிக்காகச் சண்டை போடுறாங்க’ என்று இடையிடையே நிறுத்துவாள். வைணவ பக்தன் ஆழ்வார்க்கடியான் வாதாடும் இடத்தை மட்டும் இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள்.

நேற்று கடம்பூர் மாளிகைக்கு வந்துவிட்டோம். என் தங்கையை மறந்துவிடு என்று கந்தமாறன் வந்தியத்தேவனிடம் சொல்லும் இடத்தை வாசித்து முடித்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தூங்கிவிட்டாளோ என்று நினைத்தேன்.

“மணிமேகலைகிட்ட யாருமே கேக்கலையா சித்தி?” என்றாள்.