அந்தத் தாளில் பாட்டியின் பெயர் இல்லை

செப்டம்பர் 15 வந்தால் போதும், நாங்கள் இருக்கும் தெற்குக் கலிஃபோர்னியாவில் பள்ளி, நூலகம், கடைத்தெரு எங்கும் பூவேலை வெட்டிய வண்ணக் காகிதத் தோரணங்கள் ஏறிவிடும். அக்டோபர் 15 வரை ஹிஸ்பானிக் மரபு மாதம், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் வேர் கொண்டவர்களின் மாதம். மாத நடுவில் ஏன் தொடங்குகிறார்கள் என்று வந்த புதிதில் எனக்குப் புரியவில்லை. குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டாரிகா ஐந்தும் ஸ்பெயினின் பிடியிலிருந்து விடுபட்டதாக அறிவித்த நாள் 1821 செப்டம்பர் 15. மெக்சிகோவின் சுதந்திர நாள் 16, சிலியுடையது 18. 1968இல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் காலத்தில் ஒரு வாரக் கொண்டாட்டமாகத் தொடங்கியது, 1988இல் ஒரு மாதமாக நீண்டது.

இந்தப் பதிவை எழுத வைத்தது என் மகளின் சிநேகிதி. வகுப்பில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். பத்துப் பிரபலங்களின் பெயர்கள். ஒருவரைத் தேர்ந்தெடுத்து இரண்டு பக்கம் எழுத வேண்டும். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவள் என்னிடம் கேட்டாள்: "நான் என் அபுவேலாவைப் பற்றி எழுதக் கூடாதா?"

அபுவேலா என்றால் பாட்டி.

எழுதலாம், எழுதத்தான் வேண்டும் என்றேன். அவள் போன பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஏனென்றால் அந்தத் தாளில் இருந்த பெயர்களையே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அவர்களே கை நீட்டிக் காட்டுவது தங்கள் வீட்டாரைத்தான்.

சில்வியா மெண்டஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் ஒபாமா கையால் ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கம் வாங்கியவர். ஆனால் 1940களில், மெக்சிகப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் ஒதுக்கியதை எதிர்த்த அந்தக் கதை நடந்தபோது, அவருக்கு எட்டு வயது. சண்டை போட்டது சில்வியா இல்லை. அவருடைய அத்தையும் அப்பாவும் அம்மாவும்.

முதலில் அத்தை. ஆங்கிலத்தில் வெறும் 'ஆன்ட்' என்று போட்டுவிடுவார்கள். சொலெடாட் விடவுர்ரி, சில்வியாவின் அப்பா கொன்சாலோவின் சகோதரி. நம் கணக்கில் அச்சாக அத்தை. ஆரஞ்சு கவுண்டியின் வெஸ்ட்மின்ஸ்டர் ஊரில் 17வது தெருப் பள்ளிக்குத் தன் பிள்ளைகளையும் கொன்சாலோவின் மூன்று பிள்ளைகளையும் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போகிறார். அவருடைய பிள்ளைகள் வெளிர் நிறம், விடவுர்ரி என்ற பெயரும் மெக்சிகப் பெயராகக் காதில் விழவில்லை. அவர்களைச் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். மெண்டஸ் பிள்ளைகள் மாநிறம். அவர்கள் மெக்சிகப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய ஹூவர் பள்ளிக்குப் போகட்டும் என்றார்கள். அந்த அத்தை அங்கே செய்ததுதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே பெரிய காரியம். என் பிள்ளைகளும் இங்கே சேர வேண்டாம் என்று சொல்லி, எல்லாப் பிள்ளைகளையும் திரும்ப வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். தன் பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது, மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று நினைக்கத்தான் பெரும்பாலும் நம் மனம் போகும். அவர் மனம் அப்படிப் போகவில்லை.

கொன்சாலோவும் மற்ற நான்கு தகப்பன்மாரும் சேர்ந்து 1945இல் நான்கு பள்ளி மாவட்டங்கள்மீது வழக்குப் போட்டார்கள். சுமார் 5,000 பிள்ளைகளின் சார்பில் போட்ட வழக்கு. வழக்கறிஞர் டேவிட் மார்கஸ். அவருக்குக் கொடுத்த பணம் வயலிலிருந்து வந்தது. அந்த வயலுக்கே தனிக் கதை உண்டு. அது முனெமித்ஸு என்ற ஜப்பானிய அமெரிக்கக் குடும்பத்தின் நிலம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், ஜப்பானிய வம்சாவளி என்பதற்காகவே, அந்தக் குடும்பத்தை அரிசோனா பாலைவனத்தில் போஸ்டன் (Poston) முகாமுக்குக் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள். நிலம் கைவிட்டுப் போகாமலிருக்க அவர்கள் அதை மெண்டஸ் குடும்பத்துக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். ஒரு குடும்பத்தை வேலிக்குள் போட்ட அதே காலத்தில், அவர்கள் மண்ணில் விளைந்த அஸ்பாரகஸை விற்று, இன்னொரு குடும்பம் பள்ளிக்கூட வாசலைத் திறக்க வழக்காடியது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கொன்சாலோ வழக்குக்காகப் பெற்றோர்களைத் தேடி ஊர் ஊராகப் போனபோது பண்ணையைப் பார்த்துக்கொண்டது யார்? சில்வியாவின் அம்மா ஃபெலிசிட்டாஸ். போர்ட்டோ ரிக்கோவின் ஹுன்கோஸில் பிறந்தவர். ஹிஸ்பானிக் என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாரையும் போட்டுக் கட்டிவிடுகிறோமே, இந்த ஒரு வீட்டிலேயே அப்பா மெக்சிகோ, அம்மா போர்ட்டோ ரிக்கோ. இரண்டும் வேறு வேறு மண், வேறு வேறு கடல், வேறு வேறு சமையல். ஃபெலிசிட்டாஸ் வேலையாட்களை மேய்த்தார், கணக்கைப் பார்த்தார், நீதிமன்றத்தில் ஏறிச் சாட்சியும் சொன்னார்.

1946 பிப்ரவரியில் நீதிபதி பால் மெக்கார்மிக் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். 1947 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த மேல்முறையீட்டில் கறுப்பின மக்களின் அமைப்பு சார்பில் ஆதரவு மனு போட்டவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல். ஏழு வருடம் கழித்து, பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்ற பிரவுன் வழக்கில் நாடு முழுவதுக்கும் வாதாடி வென்றவர். 1947 ஜூனில் கலிஃபோர்னியா ஆளுநர் ஏர்ல் வாரன், பழங்குடி, சீன, ஜப்பானியப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் வைக்கலாம் என்று எழுதி வைத்திருந்த பழைய சட்டத்தை நீக்கிக் கையெழுத்துப் போட்டார். இன்று என் மகள் யாரோடு வேண்டுமானாலும் ஒரே பெஞ்சில் உட்காருகிறாள். அதில் அந்த அஸ்பாரகஸ் வயலின் பங்கு இருக்கிறது. இங்கே பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோர் எத்தனை பேருக்கு ஃபெலிசிட்டாஸ் பெயர் தெரியும்?

வென்ற பிறகு சில்வியா புதிய பள்ளிக்குப் போனாள். உனக்கு இங்கே என்ன வேலை என்று ஒரு பையன் கேட்டுவிட்டான். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தவளுக்கு, நாங்கள் எதற்காகப் போராடினோம் என்பதை அம்மாதான் எடுத்துச் சொல்லித் திரும்ப அனுப்பினார். சில்வியா பின்னாளில் செவிலியர் ஆனார், முப்பது வருடத்துக்கும் மேல் வேலை பார்த்தார். ஃபெலிசிட்டாஸ் 1998இல் காலமானார். இந்தப் போராட்டம் யாருக்குமே தெரியாமல் போய்விட்டதே என்ற குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது. அம்மாவின் அந்தக் குறையைத் தீர்க்கத்தான் சில்வியா பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசினார். பதக்கம் அதற்குப் பிறகு வந்தது.

சோனியா சோட்டோமயோர் பெயரும் தாளில் இருந்தது. அவருக்கு ஒன்பது வயதில் அப்பா இறந்துவிட்டார். அம்மா செலினா நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் அரசுக் குடியிருப்பில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தார், வாரத்தில் ஆறு நாள் செவிலி வேலை. அந்தச் சம்பளத்தில் பிள்ளைகளுக்கு என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா வாங்கிப் போட்டார். 2009இல் மகள் உச்ச நீதிமன்ற நீதிபதியாகப் பரிந்துரைக்கப்பட்ட நாளில் எல்லார் முன்னாலும் சொன்னது, அம்மாவில் பாதிதான் நான் என்று. பதவிப் பிரமாணத்தின்போது பைபிளைப் பிடித்துக்கொண்டு நின்றதும் செலினாதான்.

டொலோரஸ் ஹுவெர்ட்டாவின் அம்மா அலிசியா, ஸ்டாக்டனில் விடுதி நடத்தியவர். கையில் காசில்லாத பண்ணைத் தொழிலாளிகளுக்கு வாடகை வாங்காமலே அறை கொடுத்தார். அந்த வீட்டில் வளர்ந்த பெண் 1962இல் பண்ணைத் தொழிலாளர் சங்கம் அமைக்க இறங்கியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

விண்வெளி வீரர் ஹோசே ஹெர்னாண்டஸின் அப்பா மெக்சிகோவின் மிச்சோகானிலிருந்து வந்து வயல் வயலாகப் பயிர் அறுத்தவர். மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. 1972 டிசம்பரில், பழைய கறுப்பு வெள்ளை டிவியில் நிலவுக்குப் போன அப்போலோ 17ஐப் பார்த்துவிட்டுப் பத்து வயது மகன் நானும் விண்வெளிக்குப் போகிறேன் என்றான். அவர் சிரிக்கவில்லை. என்ன வேண்டும் என்று முடிவு செய், எவ்வளவு தூரம் என்று பார், வழியைத் திட்டமிடு, படி, வயலில் உழைக்கிற மாதிரி உழை என்று சமையல் குறிப்பு போல ஐந்து படி சொல்லிக் கொடுத்தார். மகன் நாசாவுக்குப் பன்னிரண்டு முறை விண்ணப்பித்தார். பன்னிரண்டாவது முறை, 2004இல் எடுத்துக்கொண்டார்கள். 2009இல் பறந்தார்.

ஆசிரியர்களிடம் என் கோரிக்கை ஒன்றுதான். பத்துப் பெயர் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பதினொன்றாவது வரியை வெறுமையாக விடுங்கள். வீட்டிலிருக்கிறவரைப் பற்றி எழுத அந்த ஒரு வரி போதும். பிள்ளைகள் கேட்டால்தான் பெரியவர்கள் வாய் திறப்பார்கள். கேட்காமலே போனால் ஃபெலிசிட்டாஸுக்கு இருந்த குறை எத்தனையோ வீடுகளில் அப்படியே மண்ணுக்குள் போய்விடும்.

என் மகளின் சிநேகிதியுடைய ஆசிரியர் சம்மதித்தார். அவள் பாட்டி ஆக்ஸ்னார்டில் ஸ்ட்ராபெர்ரி பறித்தவர். குனிந்த முதுகு குனிந்தபடிதான். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. போன ஞாயிறு அவர்கள் வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு. பேத்தி தான் எழுதியதை ஒவ்வொரு வரியாக ஸ்பானிஷில் மாற்றிச் சொன்னாள். பாட்டி ஏப்ரனில் கையைத் துடைத்தபடி நின்று கேட்டார். காலை ஐந்து மணிக்கு வேலைக்குக் கிளம்புவார் என்ற இடம் வந்ததும் கையை நீட்டி நிறுத்தினார்.

"ஐந்து இல்லை, நாலு மணி. மாற்றி எழுது."

அவள் பென்சிலை எடுத்து அழித்துவிட்டு நாலு என்று எழுதினாள். அதற்கப்புறம்தான் பாட்டி உட்கார்ந்தார்.