மாரியில் மூக்கு ஒழுகாத காய்ச்சல்

தடிமனையும் (சாதாரண சளி) இன்புளுவன்சாவையும் பிரித்துக் காட்டிய ஒரு கட்டுரை வாசித்தேன், நல்லது. அதன்படி, தொண்டை கரகரத்து, தும்மி, மெல்ல மெல்ல வந்தால் தடிமன்; காலமை நடமாடின ஆள் பின்னேரம் நடுக்கத்தோடு பாயில் விழுந்தால் இன்புளுவன்சா. சரிதான். ஆனால் யாழ்ப்பாணத்தில் ஐப்பசி தொடங்கித் தை வரை இது போதாது.

திடீர்க் காய்ச்சல், தலையிடி, கண்ணுக்குப் பின்னால் நோ, மூக்கிலோ சளியே இல்லை என்றால் முதலில் டெங்குவைத்தான் நினைக்க வேணும். இங்கே பலர் பனடோலுக்கு (பரசிற்றமோல்) காய்ச்சல் அடங்கவில்லை என்று பார்மசியில் புரூபன் (ஐபுபுரோபன் என்ற நோ மருந்து) வாங்கிப் போடுகினம். தயவுசெய்து வேண்டாம், டெங்கு என்றால் இரத்தக்கசிவு கூடும். காய்ச்சல் விட்டதும் சுகம் என்று நினைக்காதேங்கோ. டெங்குவில் ஆபத்து தொடங்குவதே அப்போதுதான். வயிற்றுநோ, விடாத சத்தி, சலம் போவது குறைதல் இருந்தால் இரவென்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

வெள்ளத்திலோ வயலிலோ கால் வைத்தவர்கள் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கோ. 2024 டிசம்பரில் எங்கட மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் (எலிச் சலம் கலந்த தண்ணியாலும் சேற்றாலும் தொற்றும் பக்டீரியா நோய்) உயிர்களைக் கொண்டுபோனது. தடிமனுக்கும் இன்புளுவன்சாவுக்கும் அன்ரிபயோட்டிக் வேலை செய்யாது, எலிக்காய்ச்சலுக்கு அதைத்தான் நேரத்தோடு கொடுக்க வேணும்.

மல்லித்தண்ணி தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டால் இரத்தம் சோதிக்காமல் வீட்டில் இருக்காதேங்கோ.