ஒரே கேள்வியை 60 பேருக்குக் கொடுத்தா காப்பிதான் வரும்

கோயமுத்தூர், ஈரோடு, நாமக்கல் பக்கம் இன்ஜினியரிங் காலேஜ்கள்ல பரீட்சை ஹால்ல அவ்வளவு கெடுபிடி. அசைன்மென்ட்டுக்கு மட்டும் கிளாஸ் முழுக்க ஒரே கேள்வி. அண்ணா பல்கலைக்கழகத்தோட 2017 ரெகுலேஷன்ல (பாடத்திட்ட விதி) தியரிக்கு காலேஜே போடற இன்டர்னல் மார்க் 100க்கு 20 இருந்தது, 2021ல 40 ஆயிடுச்சு. மார்க் ரெண்டு மடங்காச்சு, கேள்வி கேக்கற விதம் மாறவே இல்லைங்க.

ட்ரிபிள்-ஈ (எலக்ட்ரிக்கல்) கிளாஸையே எடுத்துக்குங்க. பனியன் கம்பெனி ஒண்ணோட பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கற மின்சாரத்துல நிஜமா வேலைக்குப் போற பங்கு, 0.75. அதை 0.95க்குக் கொண்டுவர எத்தனை கேவிஏஆர் (கெப்பாசிட்டரை அளக்கற அலகு) கெப்பாசிட்டர் வேணும்? லோடை எல்லாருக்கும் ஒண்ணா கொடுக்காதீங்க. ரெஜிஸ்டர் நம்பரோட கடைசி ரெண்டு இலக்கத்தோட 50 கூட்டினா வர்றதுதான் கிலோவாட். 37ங்கிற பையனுக்கு 87 கிலோவாட், விடை 48.1. 12ங்கிற பொண்ணுக்கு 62, விடை 34.3. விடையெல்லாம் எக்ஸெல்ல ஒரே ஷீட்ல போட்டு வெச்சுக்கலாம்.

இதுலயும் ஓட்டை இருக்கு. லோடை 0.553ஆல பெருக்கினா போதும்னு ராத்திரியே வாட்ஸப் குரூப்ல வந்துரும். அதனால கணக்குக்கு 4 மார்க், மீதி 6 நேர்ல கேள்வி கேக்கற மூணு நிமிச வைவாவுக்கு. "ஏன் 0.95ல நிறுத்தணும், 1 வரைக்கும் போனா என்ன?" அதே 87 கிலோவாட்டுக்கு அந்தக் கடைசி 0.05க்கே இன்னும் 28.6 கேவிஏஆர் வேணும். புரிஞ்சு போட்டவன் அதோட, "ஷிப்ட் முடிஞ்சு மெஷின் நின்னா, கெப்பாசிட்டர் மிஞ்சிப்போய் பவர் ஃபேக்டர் எதிர்ப்பக்கம், லீடிங்ல போயிரும்ங்க சார்"ம்பான். பார்த்து எழுதினவனுக்கு அது வராது.

60 பேருக்கு 180 நிமிசம், நாலு பீரியட். அஞ்சு அசைன்மென்ட்டை ரெண்டாக் குறைச்சா அந்த நேரம் தானா கிடைக்கும்.

வைவான்னா மூஞ்சியப் பார்த்து மார்க் போடுவாங்கங்கிற பயம் நியாயமானதுதான். கேள்விகளை முன்னாடியே எழுதி சீட்டுக் குலுக்கி மூணு எடுக்கச் சொல்லுங்க. ஒவ்வொண்ணுக்கும் 2, 1, 0ன்னு மட்டும் போட்டு, அங்கேயே காட்டிருங்க. தமிழ்ல சொன்னா தாராளமா ஏத்துக்கணும். 7.5 சதவீத ஒதுக்கீட்டுல அரசுப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்கு விஷயம் தெரிஞ்சும் இங்கிலீஷ்ல நாக்கு தடுமாறும். நாம அளக்கறது இங்கிலீஷை இல்லையே.

ஏஐ எழுதினதான்னு சொல்ற டிடெக்டர் காட்டற சதவீதத்தை வெச்சு மார்க்கைக் குறைக்கவே கூடாது. அது வெறும் ஊகம். இங்கிலீஷைக் கத்துக்கிட்டு எழுதறவங்களோட எளிய நடையையே அது தப்பாப் பிடிக்கும். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018ல போட்ட காப்பி தடுப்பு விதியில வர்ற 10 சதவீதத்தை இதோட போட்டுக் குழப்பறாங்க. அது வேற எழுத்தோட ஒத்துப்போறதுக்கான அளவு, மேற்கோளும் பொதுவான சொற்களும் அதுல கணக்குல வராது. சந்தேகமா? கூப்பிட்டு ரெண்டு பத்தியை விளக்கச் சொல்லுங்க.

லேப் ரெக்கார்டுக்கு சீனியர் நோட்டைப் பார்த்து எழுதற பழக்கத்துக்கு மருந்து அப்சர்வேஷன் தாள்தான். லேப்பை விட்டு வெளியே போறதுக்குள்ள ரீடிங்கோட கையெழுத்து வாங்கணும், மீட்டர் நம்பரையும் குறிக்கணும். ரெண்டு வேற மீட்டர்ல எடுத்த பத்து ரீடிங்கும் கடைசிப் புள்ளி வரைக்கும் ஒத்துப்போனா, அங்கேயே உக்கார வெச்சு ஒரு ரீடிங்கை மறுபடி எடுக்கச் சொல்லுங்க.