படத்தைப் பிறகு போடலாம், முதலில் ஆளைக் கூப்பிடுங்கள்

ஒக்டோபர் வருகிறது. இனி முகநூலைத் திறந்தால் நூலக நிகழ்ச்சிகளின் ஒரே மாதிரியான படங்கள்தான். வாழைமரம் கட்டிய வாசல், குத்துவிளக்கு, பொன்னாடையோடு பிரதம அதிதி, பின்னால் ‘தேசிய வாசிப்பு மாதம்’ என்ற பதாகை. முன்வரிசையில் வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள். பாதிப்பேர் கமராவைப் பார்க்கிறார்கள், மீதிப்பேர் சிற்றுண்டிப் பெட்டி வரும் கதவைப் பார்க்கிறார்கள். நானும் எல்லாப் படத்துக்கும் லைக் போடுகிறேன். போட்ட கையோடு மனதில் வருவது ஒன்றுதான்: இது எப்ப நடந்தது? எனக்கு ஏன் தெரியாமல் போனது?

இத்தனைக்கும் நான் திருகோணமலை டவுனுக்குள் இருக்கிறவன். நூலக அங்கத்துவ அட்டை வைத்திருக்கிறேன். மாதத்தில் இரண்டு மூன்று தடவையாவது புத்தகம் மாற்றப் போகிறேன். எனக்கே படம் வந்த பிறகுதான் நிகழ்ச்சி தெரியவருகிறது என்றால், அன்புவழிபுரத்திலோ சாம்பல்தீவிலோ இருக்கிற ஒரு தாய்க்கு எப்படித் தெரியும்? மூதூரில் இருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிற கதையை விடுங்கள்.

ஒருமுறை பஸ் நிலையப் பக்கத்து மதில் ஒன்றில் சித்திரப் போட்டி அறிவித்தல் ஒட்டியிருந்தது. திகதியைப் பார்க்கலாம் என்று கிட்டப் போனால் அந்த இடம் மட்டும் கிழிந்திருந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு புள்ளிமான் ஆறுதலாக அசைபோட்டுக்கொண்டு நின்றது. மாப்பசை அதுக்குப் பிடித்துவிட்டது போல. வெளியூர்க்காரர்களுக்கு இது கட்டுக்கதையாகத் தெரியும். திருகோணமலைக்காரர் ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள்; டவுனுக்குள்ளேயே மான் திரிகிற ஊர் இது.

சரி, பகிடியை விடுவோம். போன வருடம் நடந்ததைச் சொல்கிறேன். எந்த நூலகம், எந்தச் சபை என்று சொல்லப் போவதில்லை; சொன்னால் பின்னூட்டத்தில் கட்சிச் சண்டை தொடங்கிவிடும். மகளுக்கு ஏழு வயது. ‘சிறுவர் கதை நேரம், காலை 9 மணி’ என்று தெரிந்த ஒருவர் வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். எட்டே முக்காலுக்கே போய் முன்னுக்கு இருந்துவிட்டோம். பிரதம அதிதி வந்து சேரப் பதினொரு மணி. பிறகு வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை என்று போனது. வாசிப்பு மனிதனைப் பூரணமாக்கும் என்று ஐந்து பேர் சொன்னார்கள். அந்த ஐந்து பேரில் ஒருவராவது தான் கடைசியாக வாசித்த புத்தகம் எது என்று வாய் திறக்கவில்லை. கதை சொல்ல வந்த அக்காவுக்கு மிஞ்சியது பத்து நிமிடம். பாவம், அவரும் அவசர அவசரமாக முயலையும் ஆமையையும் ஓடவிட்டார். முயல் நித்திரை கொள்ள முதலே குழுப்படம் எடுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். மோட்டார் சைக்கிளில் ஏறும்போது மகள் கேட்டாள்: “அப்பா, கதை எப்ப சொல்லுவாங்க?”

அந்தக் கேள்வியைத் தலைக்குள் வைத்துக்கொண்டு திரிந்த நாட்களில்தான் நிலாவெளிப் பக்கம் ஒரு சனசமூக நிலையத்தில் ஒரு பின்னேரம் இருக்க நேர்ந்தது. வேண்டுமென்று போகவில்லை. மோட்டார் சைக்கிள் சில்லுக் காற்றுப் போய் ஒட்டுகிற கடைக்குப் போனேன்; அதற்குப் பக்கத்தில்தான் நிலையம் இருந்தது. பழைய காலத்து வாசிகசாலை: ஓட்டுக்கூரை, இரண்டு வாங்கு, அன்றைய பத்திரிகை. உள்ளே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பாய் விரித்து ஏழெட்டுப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் வாசிப்பார், புத்தகத்தை மூடுவார், “இனி என்ன நடக்கும்?” என்று கேட்பார். கதையில் ஒரு குரங்கும் முதலையும். கரைவலைக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் எழும்பினான். முதலை கரைவலையில் மாட்டியது, வலை கிழிந்தது, வலைச் சொந்தக்காரரான சம்மாட்டி எல்லாரையும் ஏசினார், பிறகு வலையை யார் பொத்துவது என்று சண்டை வந்தது... கடைசியில் குரங்கை அவன் மறந்தே போனான். ஆசிரியர் திருத்தவில்லை. “சரி, முதலைக்கு எவ்வளவு விலை போச்சுது?” என்று கேட்டார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நடுவில் கரண்ட் போனது. போன் வெளிச்சத்தில் தொடர்ந்தார். முடிந்த பிறகு, இது எதாவது விசேஷமா ஐயா என்று கேட்டேன். “விசேஷம் ஒண்டுமில்லத் தம்பி. ஒவ்வொரு புதனும் அஞ்சு மணிக்கு. மழைக்கும் இருக்கு” என்றார்.

நான் இந்தப் பதிவில் சொல்ல வந்தது அந்த ‘ஒவ்வொரு புதனும்’ என்ற இரண்டு சொல்தான். அந்தப் பிள்ளைகளுக்கு அறிவித்தல் தேவையில்லை. மான் தின்றாலும் பரவாயில்லை. புதன் வந்தால் கால் தானாகப் போகும்.

தேசிய வாசிப்பு மாதம் 2004இல் இருந்து நடக்கிறது. நல்ல விஷயம், நான் மறுக்கவில்லை. கட்டுரைப் போட்டி, கண்காட்சி, நடைபவனி என்று அந்த ஒரு மாதத்தில் நூலகத்துக்குள் காலடி வைக்கிற பிள்ளைகள் நிறையப் பேர். ஆனால் அவர்கள் நவம்பரில் திரும்பி வருவதற்கு ஒரு காரணம் வைத்திருக்கிறோமா? பரிசு வாங்கிய பிள்ளையை அடுத்த சனிக்கிழமை என்ன சொல்லிக் கூப்பிடுவோம்? வடகீழ்ப் பருவமழையும் அந்த நேரத்தில்தான் தொடங்கும். வெளியே விளையாட முடியாமல் பிள்ளைகள் வீட்டுக்குள் போனோடு அடைபடுகிற காலம். நூலகம் ஆளைக் கூப்பிட அதைவிடத் தோதான நேரம் கிடையாது. நாங்கள் அப்போதுதான் பதாகையைக் கழற்றிச் சுருட்டி அலுமாரிக்கு மேலே வைக்கிறோம்.

நூலகர்களைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குத் தெரிந்த நூலக உதவியாளர் ஒருவர் இதைப்பற்றிக் கதைக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: “புத்தகம் ஒன்று துலைஞ்சா கணக்காய்வுக்கு நான் பதில் சொல்லோணும். நிகழ்ச்சிக்கு ஆள் வராட்டி ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. படம் இல்லாட்டித்தான் கேப்பாங்க.” நியாயம்தானே. இரவல் கொடுப்பதும் அவர், திரும்பி வந்ததை அடுக்குவதும் அவர், சிறுவர் பகுதியில் சண்டை பிடிக்கிற பிள்ளைகளை விலக்குவதும் அவர். நிகழ்ச்சியின் அறிக்கைக்குப் படம் வேண்டும் என்று மேலே கேட்டால், படத்துக்கான நிகழ்ச்சிதான் கீழே நடக்கும்.

நம் பொது நூலகங்கள் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகளின் பொறுப்பில் இருக்கின்றன. குப்பை, வடிகான், தெருவிளக்கு எல்லாம் முடிந்துதான் நூலகத்தின் முறை வரும். அதிலும் 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து 2025 மே தேர்தல் வரை தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்களே இல்லை. இப்போது இருக்கிறார்கள். அடுத்த வருடத்துப் பாதீடு டிசம்பருக்குள் நிறைவேற வேண்டும். ஆகவே ஒக்டோபர் மேடையில் பொன்னாடையோடு இருக்கிற உறுப்பினரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: வருகிற வருடம் நூலக நிகழ்ச்சிகளுக்கு எவ்வளவு ஒதுக்கப் போகிறீர்கள்? பெரிய காசு வேண்டாம். இரண்டு பாய், ஒரு கேத்தல் பிளேன்டீ, கதை சொல்ல வருகிறவருக்குப் பஸ் காசு. பொன்னாடைச் செலவைக் குறைத்தாலே பாதி வந்துவிடும் என்று என் மனைவி சொல்கிறாள். அவள் கணக்குப் பிழைப்பதில்லை.

என்ன நிகழ்ச்சி வைக்கலாம் என்று கேட்பீர்கள். கதை நேரம் முதலாவது. அதைச் சொல்லியாகிவிட்டது.

அடுத்தது வர்த்தமானி. சிரிக்காதீர்கள். அரசாங்க வேலை அறிவித்தல்களைத் தாங்கிய வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வருகிறது. ஒரு காலத்தில் அதைப் பார்க்கவென்றே பெடியள் நூலகத்தில் காத்துக்கொண்டு நிற்பார்கள், நானும் நின்றிருக்கிறேன். இப்போது எல்லாம் போனில் வருகிறது, உண்மைதான். ஆனால் வருவது வேறு, விளங்குவது வேறு. எந்தத் தகைமைக்கு எந்தப் பதவி, விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது, கடித உறையில் எந்த மூலையில் என்ன எழுதுவது என்று தெரியாமல் முடிவுத்திகதி தாண்டிப்போன பிள்ளைகள் எத்தனை பேர்! சனிக்கிழமை காலையில் ஒரு மணித்தியாலம், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவரை நூலகத்தில் ஒரு மேசையில் இருத்திப் பாருங்கள். வரிசை வாசலைத் தாண்டும். வந்த பிள்ளை போகும்போது ஒரு புத்தகமும் எடுத்துக்கொண்டு போகும். எடுக்காவிட்டாலும் குறையில்லை.

எனக்கு மிகவும் ஆசையாக இருப்பது இன்னொன்று. டென்மார்க்கில் 2000ஆம் ஆண்டு ஒரு இசைவிழாவில் ‘மனித நூலகம்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். புத்தகத்துக்குப் பதிலாக ஆளை இரவல் எடுப்பது. அரை மணித்தியாலம் அவரோடு இருந்து கேள்வி கேட்கலாம், அவர் கதையைக் கேட்கலாம். இப்படி ஒன்றை நடத்த எங்கள் ஊரைவிடப் பொருத்தமான ஊர் இருக்கிறதா? 1942 ஏப்ரலில் யப்பான் விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டதைச் சின்னப் பிள்ளையாக இருந்து பார்த்தவர்கள் ஒருசிலராவது இன்னும் இருக்கக்கூடும், தொண்ணூறைத் தாண்டியிருப்பார்கள். 1957இல் பிரித்தானியக் கடற்படை போனபோது டொக்யார்ட்டில் வேலை செய்த தகப்பனின் முகம் எப்படி இருந்தது என்று சொல்ல ஆள் இருக்கிறது. 1964 டிசம்பர் சூறாவளியில் கூரை பறந்த கதை உவர்மலையிலும் திருக்கடலூரிலும் வீட்டுக்கு ஒன்று. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை பாதையில் ஏறி இறங்கிப் பள்ளிக்கூடம் வந்த ரீச்சர்மார் இருக்கிறார்கள். பாதை என்றால் தெரு என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு, அது ஆளையும் பஸ்ஸையும் ஏற்றித் தண்ணீரைக் கடந்த மிதவை என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று மூன்று பக்கத்து ஆட்களையும் ஒரே வரிசையில் இருத்தலாம். ஒரு கதிரையில் சிங்கள மீனவர் இருந்தால், மொழிபெயர்க்க ஒரு உயர்தரப் பிள்ளை பக்கத்தில் இருக்கட்டும். பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இதற்கு அடுத்த ஒக்டோபர் வரை பொறுக்க முடியாது.

அதோடு சேர்த்து, வீட்டில் இருக்கிற பழைய படம், கடிதம், கோயில் மலர், பாடசாலை மலர் எல்லாவற்றையும் கொண்டுவந்து ஸ்கான் செய்துகொண்டு போகிற நாள் ஒன்று. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத்தளம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமமாக்கி எல்லாருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. அதில் எப்படித் தேடுவது என்று ஒரு மணித்தியாலம் காட்டிக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. சூறாவளியிலும் சண்டையிலும் சுனாமியிலும் எங்கள் வீடுகளில் இருந்து போன கடதாசி கொஞ்சநஞ்சமா? மிஞ்சியதையாவது.

இந்த ஊருக்கு நூலகம் புதுச் சாமானும் இல்லை. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படுகிற ‘மோகனாங்கி’ 1895இல் வந்தது. எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலைக்காரர். சென்னை மாநிலக் கல்லூரியில் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? நூலகர். இதை நான் அறிந்தது நாற்பது வயதுக்குப் பிறகு. உள்ளூர்ப் பாடசாலை எதிலும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வாசகர் வட்டம் ஒன்று மாதா மாதம் நடந்தால் அவரில் இருந்து தொடங்கலாமே.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கந்தோர் விடுகிற நேரமும் நூலகம் பூட்டுகிற நேரமும் ஒட்டி ஒட்டி இருந்தால் வேலைக்குப் போகிறவர்கள் எப்ப வருவது? சூடான கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பகல் இரண்டு மணிக்கு யாரும் வெளியே காலெடுத்து வைக்க மாட்டார்கள். நிகழ்ச்சி வைக்கிறவர்கள் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு நேரத்தைப் போட்டால், கிண்ணியா, தம்பலகாமம் பக்கத்துப் பெண்களும் வருவார்கள்.

இந்தப் பதிவை நூலகத்தில் வேலை செய்கிறவர்கள் யாராவது பார்த்தால் ஒரே ஒரு வேண்டுகோள். இந்த ஒக்டோபரில் என்ன நடக்கப் போகிறது என்று இப்பவே ஒரு சின்னக் குறிப்புப் போடுங்கள். திகதி, நேரம், எத்தனை வயதுப் பிள்ளைகளுக்கு, அவ்வளவு போதும். நான் பகிர்கிறேன், நான்கு வட்ஸ்அப் குழுவிலும் போடுகிறேன். பிரதம அதிதியின் பெயரை எழுத மறந்தாலும் குற்றமில்லை. பாய் விரிக்க, கதிரை அடுக்க ஆள் வேண்டுமென்றால் உட்பெட்டியில் சொல்லுங்கள், வருகிறேன்.

எப்படியும் நாளைக்கு நூலகப் பக்கம் போகத்தான் வேண்டும். மகள் எடுத்த புத்தகம் ஆறு நாள் பிந்திவிட்டது. தண்டப்பணத்தைத் தன்னுடைய உண்டியலில் இருந்துதான் கட்டுவாளாம், ஆனால் புத்தகத்தை இன்னும் ஒரு கிழமை வைத்திருக்க விடவேண்டுமாம். அதற்கு என்ன சட்டம் என்று கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன்.