கோபி பிரையன்ட் பிறந்தது இத்தாலியிலா?

"கோபி பிரையன்ட் இத்தாலியில் பிறந்தவர்; அவருடைய அப்பா அங்கே பயிற்சியாளர்" என்று, மறைந்த அமெரிக்கக் கூடைப்பந்து நட்சத்திரத்தைப் பற்றி ஒரு படச் செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

கோபி 1978 ஆகஸ்ட் 23 அன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தார். இத்தாலிக்குப் போனபோது அவருக்கு வயது ஆறு. அப்பா ஜோ பிரையன்ட் அங்கே போனது ஆட்டக்காரராக. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் எட்டு சீசன்கள் ஆடி முடித்து, 1984இல் இத்தாலியின் ரியேத்தி அணியில் சேர்ந்தார். பிறகு ரெஜியோ கலாப்ரியா, பிஸ்தோயா, ரெஜியோ எமிலியா என்று 1991 வரை ஊர் ஊராக ஆடினார். என்பிஏவில் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராக பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், இத்தாலியில் புள்ளிகளைக் குவிக்கும் நாயகன் ஆனார். இந்தச் சுவையான பகுதியைத்தான் வதந்தி விழுங்கிவிட்டது! அப்பாவின் ஆட்டத்துக்கு இடைவேளை விட்டதும், சிறுவன் கோபி பந்தோடு களத்தில் இறங்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருப்பான்.

குழப்பத்துக்குக் காரணம் புரிகிறது: கோபி இத்தாலிய மொழியைச் சரளமாகப் பேசியவர். ஆனால் அது அங்கே வளர்ந்ததால் வந்தது, பிறந்ததால் அல்ல.