அட்டைப் படத்தைப் பார்க்காமல் கேட்ட ஆல்பம்

அசிட் பாத் என்ற அமெரிக்க மெட்டல் பேண்டின் முதல் ஆல்பம் எனக்கு ஒரு பென் டிரைவில் வந்து சேர்ந்தது. 14 எம்பி3 கோப்புகள், அவ்வளவுதான். அட்டைப் படம் இல்லை, பாடல் வரிகள் இல்லை. யார் பாடுகிறார், எந்த ஊர்க்காரர்கள் என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. கொடுத்த நண்பர், "ஸ்லட்ஜ் மெட்டல், பொறுமையாகக் கேள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என்னிடம் இருந்த பிளேயர் பாடல்களை ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்கும். அதனால் ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'கேஸி ஈட்ஸ் காக்ரோச்சஸ்' முதலில் வந்து நின்றது. மூன்று நிமிடம்கூட இல்லாத பாட்டு. எங்கிருந்தோ வெட்டி ஒட்டிய வசனத் துண்டுகள், வெறிகொண்ட வேகம், அலறல். ஒரு நிமிடத்தில் அணைத்துவிட்டேன். சில வாரங்கள் கழித்து, ஒரு ராத்திரி வேலை செய்துகொண்டே எல்லாவற்றையும் வரிசையாக ஓடவிட்டேன். எட்டாவதாக 'ஸ்க்ரீம் ஆஃப் த பட்டர்ஃப்ளை' வந்தது. வேலை நின்றுபோனது.

மெதுவான, கலங்கலில்லாத கிட்டார். அதன்மேல் ஓர் ஆண் குரல். அடித்தொண்டையில் உறுமவில்லை, கத்தவில்லை, பாடியது. சின்னப் பையனுக்கும் வயதான மனிதனுக்கும் நடுவில் எங்கோ நிற்கிற குரல். இதற்கு முன் ஓடிய ஏழு பாட்டில் தொண்டை கிழியக் கத்தியதும் இதே ஆள்தானா என்று பின்னால் போய்க் கேட்டுப் பார்த்தேன். அதே ஆள்தான். டாக்ஸ் ரிக்ஸ். ஆல்பம் வெளிவந்த 1994 ஆகஸ்டில் அவருக்கு வயது இருபதைத் தாண்டியும் தாண்டாமலும்.

ஆல்பத்தின் பெயர் 'வென் த கைட் ஸ்ட்ரிங் பாப்ஸ்'. பட்டத்தின் நூல் அறும்போது என்று அர்த்தம். இதைப் பற்றி மெட்டல் கேட்கிறவர்கள் பேசும்போதெல்லாம் ஒரே விதமாகத்தான் பேசுகிறார்கள்: இருண்ட ஆல்பம், பயங்கரமான ஆல்பம், கெட்ட கனவு. எனக்கு இதில் நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. இந்த ஆல்பத்தின் உயிர் அதன் பயங்கரத்தில் இல்லை. அதன் மெலடியில் இருக்கிறது, அந்தக் குரலின் இரக்கத்தில் இருக்கிறது. கத்தலை ரசிக்க ஆயிரம் ஆல்பம் கிடைக்கும். இப்படிப் பாடுகிற ஒரு ஆளைச் சேற்றுக்கு நடுவில் நிற்கவைத்த ஆல்பம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

சேறு என்று சும்மா சொல்லவில்லை. ஸ்லட்ஜ் என்றாலே அடியில் தங்கிய கசடு, சகதி. மெட்டல் கேட்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிளாக் சப்பாத் என்ற பிரிட்டிஷ் மெட்டல் பேண்டின் கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமி இளவயதில் பர்மிங்ஹாமில் தகரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தபோது வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடது கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் தந்தியை அழுத்துகிற கையே அதுதான். பின்னாளில் தந்திகளைத் தளர்த்தி வாசித்தார். தந்தி தளர்ந்தால் சுருதி இறங்கும், ஒலி கனக்கும். அந்தக் கனமான, மெதுவான ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு, ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஹார்ட்கோர் பங்க்கின் கோபம், பாலிஷ் போடாத கத்தல். இரண்டும் கலந்ததுதான் ஸ்லட்ஜ். 1984இல் கலிபோர்னியாவின் பிளாக் ஃபிளாக் என்ற பங்க் பேண்ட் தங்கள் 'மை வார்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுவதையும் வேண்டுமென்றே இழுத்து இழுத்து வாசித்தார்கள். வேகத்துக்காக வந்த பங்க் ரசிகர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. வாஷிங்டன் மாநிலத்தின் மெல்வின்ஸ் போன்றவர்களுக்கு அதுவே கதவைத் திறந்தது. அப்புறம் இந்த இசை தெற்கே இறங்கி, நியூ ஆர்லியன்ஸில் ஐஹேட்காட், குரோபார் என்ற பேண்டுகளின் கையில் முழு உருவம் பெற்றது.

அசிட் பாத் நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் இல்லை. அங்கிருந்து தென்மேற்கே 90 கிலோமீட்டர் தள்ளி ஹோமா என்ற லூசியானா மாநில ஊரும் அதன் சுற்றுப்புறமும் அவர்களுடையவை. இறால் படகுகளும் எண்ணெய்த் தொழிலும் சேர்ந்து பிழைப்புத் தருகிற இடம். பாயூ என்று அவர்கள் சொல்லும் மெதுவான கால்வாய் நீர் ஊர் முழுக்க ஓடுகிறது. டூயெட், பீட்ரி என்று பேண்டில் இருந்த குடும்பப் பெயர்களே அங்கே வாழும் பிரெஞ்சு வம்சாவளியைக் காட்டிக்கொடுக்கும். ஹோமா இருக்கும் மாவட்டத்துக்கு டெரபோன் என்று பெயர். பிரெஞ்சில் நல்ல நிலம். மிசிசிப்பி ஆறு காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டலால் உருவான மண் அது. ஆற்றுக்கு இருபுறமும் கரை கட்டினார்கள், வண்டல் வருவது நின்றது. எண்ணெய்க்காகச் சதுப்பு நிலத்தில் கால்வாய்கள் வெட்டினார்கள், கடலின் உப்பு நீர் உள்ளே ஏறியது. 1930களிலிருந்து லூசியானா கடற்கரை சுமார் 5,000 சதுர கிலோமீட்டர் நிலத்தைக் கடலுக்குக் கொடுத்திருக்கிறது. உப்பேறிப் பட்டுப்போன சைப்ரஸ் மரங்கள் தண்ணீரில் வெள்ளை எலும்பாக நிற்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள்.

இந்த ஆல்பம் நிலம் மூழ்குவதைப் பற்றிப் பாடுகிறது என்று நான் சொல்லவில்லை. அப்படி ஒரு பாட்டும் இதில் இல்லை. ஆனால் காலடி மண் கரைந்துகொண்டே இருக்கும் ஊரில், 80களில் எண்ணெய் விலை விழுந்து வேலைகள் போன பிறகு இளைஞர்களாக வளர்ந்தவர்கள் வாசித்த இசை இது. அந்தக் கனம் எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்ததாக என் காதுக்குத் தோன்றவே இல்லை.

சரி, இதில் என்னென்ன வகை கலந்திருக்கிறது? உள்ளூரில் இருந்த இரண்டு பேண்டுகள் 1991இல் ஒன்றானதிலிருந்து பிறந்த குழு என்பதால் ஆரம்பமே கலப்புதான். ஸ்லட்ஜ் அடித்தளம். அதன்மேல் டெத் மெட்டலின் வேகம், ப்ளூஸ், சைக்கடெலிக் மயக்கம், காத்திக் ராக்கின் சோகம், கிராமத்து அக்கூஸ்டிக் கிட்டார். இப்படிப் பட்டியல் போட்டால் ஏதோ கூட்டு வைத்த மாதிரி இருக்கும். உண்மையில் கேட்கும்போது அப்படி இல்லை. பல வகைகளைக் கலக்கும் பேண்டுகளில் பெரும்பாலானவை, இதோ இப்போது ப்ளூஸ், இதோ இப்போது மெட்டல் என்று நமக்கு அறிவித்துவிட்டுத்தான் மாறும். தையல் வெளியே தெரியும். 'ஜெசபெல்' பாட்டைக் கேளுங்கள். தலைதெறிக்கிற வேகத்தில் தொடங்கி, நடுவில் ஒரு மெலடியாக விரிகிறது. விரியும்போது பாட்டு மாறிவிட்டது என்று தோன்றாது. அதே ஆள் ஓடி ஓடிக் களைத்து உட்கார்ந்துவிட்டான் என்று தோன்றும்.

தையல் தெரியாமல் இருப்பதற்கு முக்கியக் காரணம் குரல். சமி டூயெட், மைக் சான்செஸ் என்று இரண்டு கிட்டார்கள், ஆடி பீட்ரியின் பேஸ், ஜிம்மி கைலின் டிரம்ஸ். இவை நாலும் எந்த வகைக்குத் தாவினாலும் டாக்ஸின் குரல் தன் மெலடியை விடுவதில்லை. ரிஃப் எவ்வளவு அழுக்காக இருந்தாலும் அவர் அதன்மேல் ஒரு முழு மெட்டைப் போட்டுப் பாடுகிறார். கீழே சகதி, மேலே பாட்டு. முதல் பாட்டான 'த ப்ளூ'வில் இது நன்றாகத் தெரியும். ரிஃப் இழுத்து இழுத்து நடக்கிறது, அவர் அதற்கு அவசரப்படாமல் பாடுகிறார், பிறகு அதே தொண்டை கிழிகிறது. கிழியும்போது நமக்கு வலிப்பதற்குக் காரணம், சற்று முன் அது பாடியதைக் கேட்டிருப்பதுதான். முதலிலிருந்தே கத்திக்கொண்டிருந்தால் இரண்டாவது நிமிடத்தில் காது பழகிவிடும்.

பேஸ் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த ஆல்பத்தை நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால்தான் ஆடி பீட்ரி என்ன செய்கிறார் என்று புரியும். கிட்டாருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அதையே ஒரு ஸ்தாயி கீழே வாசிக்கும் பேஸ் மெட்டலில் அதிகம். இவருடையது தனியாக உறுமும். கிட்டார்கள் நிற்கும் இடங்களில் பாட்டைத் தூக்கிக்கொண்டு போவது அதுதான்.

தயாரிப்பாளர் ஸ்பைக் கேசிடி, பங்க்கையும் மெட்டலையும் கலக்கும் டி.ஆர்.ஐ. என்ற கிராஸ்ஓவர் திராஷ் பேண்டின் கிட்டாரிஸ்ட். வெளியிட்டது ராட்டன் ரெக்கார்ட்ஸ் என்ற சிறிய நிறுவனம். பெரிய செலவில் செய்த ஒலிப்பதிவு இல்லை, அது காதிலேயே தெரிகிறது. அதைக் குறையாகவும் நான் நினைக்கவில்லை. பளபளவென்று துடைத்திருந்தால் இந்தப் பாடல்கள் செத்திருக்கும்.

குறை இல்லாத ஆல்பமா? இல்லை. ஏறக்குறைய 70 நிமிடம் நீளம். இரண்டு மூன்று பாட்டைக் குறைத்திருக்கலாம். 'காட் மெஷின்' வரும்போது நான் பலமுறை களைத்திருக்கிறேன். அதைவிட முக்கியமாக, பாடல் வரிகளில் சில இடங்கள் எனக்கு ஒப்பவில்லை. போதை, சாவு, அழுகல் இவற்றை அவர் எழுதும் விதத்தில் கவிதை இருக்கிறது. ஆனால் பெண்ணின் உடல்மேல் நடக்கும் வன்முறையைப் படிமமாக எடுத்து அலட்சியமாகப் போகிற வரிகளும் இருக்கின்றன. இருபது வயதுப் பையன் எழுதியது, 90களின் பழக்கம் என்றெல்லாம் சமாதானம் சொல்லலாம். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. அந்த இடங்கள் வரும்போது சங்கடத்தோடுதான் கேட்கிறேன்.

இனி அட்டைப் படத்துக்கு வருகிறேன். கேட்டு இரண்டு வருடம் கழித்துத்தான் பார்த்தேன். ஒரு கோமாளியின் மண்டையோடு. வரைந்தவன் சிகாகோ பகுதியில் 33 இளைஞர்களையும் சிறுவர்களையும் கொன்றவன், கோமாளி வேடம் கட்டிக் குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டியவன், சிறையில் ஓவியம் பழகியவன். அவன் பெயரை இங்கே எழுத மனமில்லை. 1994 மே மாதம் அவனுக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். மூன்று மாதத்தில் இந்த ஆல்பம் அவன் ஓவியத்தோடு கடைக்கு வந்தது.

அன்று எனக்கு வந்தது கோபம். இன்றும் குறையவில்லை. அந்த 33 பேருக்கும் அம்மா அப்பா, அண்ணன் தங்கை இருந்தார்கள். சிலருடைய உடல் இன்னாருடையது என்றே அப்போது தெரியாமல் இருந்தது. ஒரு இசைக் கடையில் அந்தக் கையால் வரைந்த படத்தை அலமாரியில் பார்க்க நேர்ந்தால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? அட்டையைத் தேர்ந்தெடுத்தது யாராக இருந்தாலும் அது தவறு என்றே சொல்வேன். "மெட்டல் என்றால் அதிர்ச்சி வேண்டும்தானே" என்று நண்பர்கள் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். அதிர்ச்சிக்கு இந்த ஆல்பத்தில் என்ன பஞ்சம்? பாடலுக்குள்ளேயே அது வேண்டிய மட்டும் இருக்கிறது, அதுவும் அவர்களே உழைத்துச் செய்தது. அட்டையில் இருப்பது இன்னொருவன் பிறர் உயிரை எடுத்துச் சம்பாதித்த கெட்ட பெயர். அதை இரவல் வாங்கினார்கள். 1996இல் வந்த இரண்டாவது ஆல்பமான 'பேகன் டெரரிசம் டாக்டிக்ஸ்'க்கும் சர்ச்சைக்குரிய இன்னொருவரின் ஓவியம்தான் அட்டை. நோயாளிகள் உயிரை விட உதவிய மருத்துவர் ஜாக் கெவோர்கியன் வரைந்தது. அவரைக் கொலைகாரனோடு ஒப்பிட மாட்டேன். ஆனால் அதே பழக்கம்.

இதனால் நடந்த கெடுதல் என்னவென்றால், முப்பது வருடமாக இந்த ஆல்பத்தை அறிமுகம் செய்கிற எல்லாரும் அட்டையிலிருந்தே தொடங்குகிறார்கள். புதிதாகக் கேட்கிறவர் ஒரு கொலைகாரனின் கதையை மனதில் வைத்துக்கொண்டு 'த போன்ஸ் ஆஃப் பேபி டால்ஸ்' கேட்கிறார். ஆல்பத்தின் கடைசிக்கு முந்தைய பாட்டு அது. அக்கூஸ்டிக் கிட்டார், திண்ணையில் உட்கார்ந்து தனக்குத்தானே பாடிக்கொள்கிற மாதிரி ஒரு குரல். அதில் இருக்கும் துக்கம் சாதாரண மனிதத் துக்கம். அட்டையைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு அது பேய்க்கதையாகக் கேட்கிறது. நான் கேட்டபோது எனக்கு அப்படிக் கேட்கவில்லை. அந்தப் பென் டிரைவுக்கு நன்றி.

பேண்ட் நீடிக்கவில்லை. 1997 ஜனவரியில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவன் மோதி ஆடி பீட்ரியும் அவருடைய அம்மா அப்பாவும் இறந்துபோனார்கள். பேண்ட் அதோடு முடிந்தது. இந்த ஆல்பத்தில் மூன்றாவது பாட்டுக்கு 'சீப் வோட்கா' என்று பெயர். இரண்டு நிமிடச் சின்னப் பாட்டு. இந்த விஷயம் தெரிந்த பிறகு அதை நான் முழுதாகக் கேட்டதில்லை, அடுத்ததற்குப் போய்விடுவேன்.

டூயெட் கோட்வோர் என்ற பேண்டைத் தொடங்கி இன்றுவரை நடத்துகிறார். டாக்ஸ் மெட்டலை விட்டுவிட்டு ப்ளூஸும் ராக்கும் பாடப் போனார்; அந்தத் தனி ஆல்பங்களைக் கேட்டால் என் கட்சிக்குச் சாட்சி கிடைக்கும். மெட்டலைக் கழித்த பிறகும் குரலும் மெட்டும் அப்படியே நிற்கின்றன. 2025இல் டாக்ஸ், டூயெட், சான்செஸ் மூவரும் சேர்ந்து மறுபடியும் அசிட் பாத் என்ற பெயரில் மேடை ஏறினார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் இந்த ஆல்பம் வந்தபோது பிறந்தே இருக்க மாட்டார்கள் என்று வீடியோக்களைப் பார்த்தால் தோன்றுகிறது. 'ஸ்க்ரீம் ஆஃப் த பட்டர்ஃப்ளை' வந்ததும் அவர்கள் சேர்ந்து பாடுகிறார்கள். மெதுவான பாட்டுக்கு, கத்தலே இல்லாத இடத்தில், அத்தனை பேரும் வார்த்தை வார்த்தையாக.

கேட்க நினைக்கிறவர்கள் வரிசைப்படி கேட்க வேண்டாம். ஆல்பத்தின் வரிசையில் ஆறாவதான 'ஸ்க்ரீம் ஆஃப் த பட்டர்ஃப்ளை'யில் தொடங்குங்கள், அப்புறம் பதின்மூன்றாவதான 'த போன்ஸ் ஆஃப் பேபி டால்ஸ்'. அவை இரண்டும் மனதில் ஒட்டிய பிறகு 'த ப்ளூ'வுக்கு வாருங்கள். போனில் கேட்டால் திரையைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.