லேசர் வண்டியும் சில்லர் கணக்கும்

லேசர் ஆயுதம் பற்றி யார் வீடியோ போட்டாலும் கீழே ஒரே பேச்சுதான். ஒரு தடவை சுட சில்லறைக் காசுதான் ஆகும், ஏவுகணைக்குக் கோடி கோடியாகக் கொட்ட வேண்டாம், ட்ரோன் எல்லாம் இனி பொசுங்கிப் போகும்! 2025 ஏப்ரல் 13 அன்று ஆந்திராவின் கர்னூல் சோதனைத் திடலில் நம் ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ, வண்டியில் ஏற்றிய 30 கிலோவாட் லேசரைச் சுட்டுக் காட்டியபோதும் இதையேதான் பகிர்ந்தார்கள். சில விநாடி சுட ஓரிரு லிட்டர் பெட்ரோல் விலைதான் ஆகும் என்று அப்போது சொல்லப்பட்டது. அதில் பொய் ஒன்றும் இல்லை, பார்க்கப்போனால் கரண்ட் கணக்கில் அதைவிடவும் குறைவாகத்தான் வரும். ஆனால் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்கள் யாரும் ஓடுகிற லேசருக்குப் பக்கத்தில் ஒரு கோடை கூட நின்றிருக்க மாட்டார்கள்.

நான் பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் ஷீட் கட்டிங் ஜாப் ஒர்க் செய்கிறவன். ராணுவத்துக்கு வண்டி செய்யும் பெமல் தொழிற்சாலை இருக்கும் அதே கஞ்சிக்கோடுதான். என்னிடம் இருப்பது 3 கிலோவாட் ஃபைபர் லேசர், கண்ணாடி இழைக்குள் ஒளியை உண்டாக்கும் வகை. ட்ரோனைச் சுடுவதற்கும் தகடு வெட்டுவதற்கும் வித்தியாசம் மலையளவு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அங்கே பல ஃபைபர்களின் கதிர்களை ஒன்றாகச் சேர்க்க வேண்டும், கிலோமீட்டர் தள்ளி அசைந்துகொண்டே இருக்கும் ஒரு புள்ளியில் விநாடிக்கணக்கில் பிடித்து நிறுத்த வேண்டும். ஆனால் கரண்ட் உள்ளே போய் ஒளியாக வெளியே வரும் சங்கதி இரண்டுக்கும் ஒன்றுதான். உள்ளே போகும் கரண்டில் மூன்றில் ஒரு பங்கு, ஒளியை உண்டாக்கும் சோர்ஸ் நல்லதாக இருந்தால் கொஞ்சம் கூடுதலாக, ஒளியாக மாறும். மீதி அத்தனையும் வெப்பம். என் 3 கிலோவாட் மெஷினில் சோர்ஸ் மட்டும் முழு பவரில் ஒன்பது பத்து கிலோவாட் இழுக்கும். லேசருக்குள் ஓடும் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர், கம்ப்ரஸர், மோட்டார் எல்லாம் தனி.

இதே கணக்கை ஒரு போர் வண்டிக்குப் போட்டுப் பாருங்கள். அமெரிக்க ராணுவம் ஸ்ட்ரைக்கர் என்ற எட்டுச் சக்கரக் கவச வண்டியில் 50 கிலோவாட் லேசர் ஏற்றியிருக்கிறது. அதற்கு 150 கிலோவாட் உள்ளே போக வேண்டும். ஸ்ட்ரைக்கரின் புது மாடலில் 450 குதிரைசக்தி எஞ்சின், அதோடு சுற்றிக் கரண்ட் தயாரிக்கும் 910 ஆம்பியர் ஆல்டர்னேட்டர். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் 28 வோல்ட்டில் 910 ஆம்பியர் என்றால் 25 கிலோவாட் சொச்சம்தான், அதிலேயே ரேடியோ, கேமரா, ஏசி எல்லாம் பங்கு கேட்கும். எஞ்சினிலிருந்து நேராக எடுத்துச் சுடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. பேட்டரி வேண்டும், அதைச் சார்ஜ் செய்ய வழி வேண்டும்.

சரி, பேட்டரி பெரிய பிரச்சினையா? இங்கேதான் பலர் தப்பான இடத்தில் கவலைப்படுகிறார்கள். 150 கிலோவாட்டைப் பத்து விநாடி இழுத்தால் செலவு அரை யூனிட்டுக்கும் கீழே. முப்பது தடவை சுட்டாலும் பன்னிரண்டு, பதின்மூன்று யூனிட். ரோட்டில் ஓடுகிற ஒரு சின்ன எலக்ட்ரிக் காரின் பேட்டரிக்குள்ளேயே அடங்கிவிடும். அவ்வளவு வேகமாகக் கரண்டைக் கொட்டக்கூடிய செல் வேண்டும் என்பது உண்மை, குண்டு வந்து விழுகிற இடத்தில் லித்தியத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பயம்தான் என்பதும் உண்மை. இருந்தாலும் அதெல்லாம் வழி தெரிந்த வேலை.

வெப்பம் அப்படியில்லை. 50 கிலோவாட் ஒளி போகும்போது 100 கிலோவாட் வெப்பம் வண்டிக்குள்ளேயே தங்கும். பத்து விநாடிக்கு என்றால், ஏறக்குறைய 24 லிட்டர் தண்ணீரைப் பத்து டிகிரி ஏற்றிவிடும் வெப்பம் அது. ஒரு தடவைக்குப் பரவாயில்லை, தொட்டியில் குளிர்ந்த தண்ணீர் வைத்து உறிஞ்சிக்கொள்ளலாம், தண்ணீருக்குப் பதில் உருகும்போது வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் மெழுகு மாதிரிப் பொருளும் வைக்கலாம். முப்பது தடவைக்கு? 700 லிட்டருக்கு மேல். இல்லையென்றால் சுடச்சுட அந்த 100 கிலோவாட்டை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஏசிக்காரர்கள் கணக்கில் சொன்னால் 28 டன், அதாவது ஒன்றரை டன் ஏசி பத்தொன்பது. அதை ஓட்ட இன்னும் ஒரு முப்பது கிலோவாட் கரண்ட், மறுபடியும் அதே ஆல்டர்னேட்டர் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

“எஞ்சினும்தான் நூறு கிலோவாட்டுக்கு மேல் வெப்பத்தைத் தள்ளுகிறது, ரேடியேட்டர் ஒன்று போதுமே?” என்று மெக்கானிக் நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. எஞ்சின் தண்ணீர் 90 டிகிரியில் ஓடுகிறது. வெளியே 45 டிகிரி வெயில் அடித்தாலும் ஃபேன் காற்றுக்கு அது வெப்பத்தைக் கொடுத்துவிடும். லேசர் தண்ணீரோ 25 டிகிரி பக்கம் இருக்க வேண்டும், ஒன்றிரண்டு டிகிரி ஏறினாலே சோர்ஸ் முரண்டு பிடிக்கும். தன்னைவிடச் சூடான காற்றிடம் அது எப்படி வெப்பத்தைக் கொடுக்கும்? கம்ப்ரஸர் வைத்துப் பிடித்துத் தள்ளித்தான் ஆக வேண்டும். வெளியே வெயில் ஏற ஏற அந்தக் கம்ப்ரஸருக்கு வேலை கூடும், வேலை கூடக் கூடக் குளிர்ச்சி குறையும்.

பாலக்காட்டில் மார்ச் பிறந்தால் இதைப் பாடம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வெளியே 40ஐ ஒட்டி வெயில். பன்னிரண்டு மணிக்கு மேல் சில்லர் டிஸ்ப்ளேயில் 26, 27, 28 என்று எண் ஏறும், அப்புறம் அலாரம், கதிர் அணைந்துவிடும். ஆறு மில்லி தகட்டில் பாதி வெட்டு நிற்கும், அடியில் கசடு ஒட்டியிருக்கும், அந்தப் பீஸ் ஸ்கிராப்புக்குத்தான். தை மாசத்திலிருந்து கணவாய்க் காற்று வாரிக் கொட்டிய தூசு கண்டென்ஸர் தகடுகளுக்கு நடுவே கம்பளி மாதிரி அப்பியிருக்கும். ஆபரேட்டர் ஏர் கன்னை எடுத்து ஊதிவிட்டு, சேட்டா ஒரு சாயா குடிச்சிட்டு வரலாம், தண்ணி ஆறட்டும் என்பான். எனக்குச் சாயா குடிக்க நேரம் இருக்கிறது. எதிரே நாற்பது ட்ரோன் வரும்போது ராணுவத்தானுக்கு அந்த நேரம் யார் கொடுப்பது?

இது ஏதோ தகடு வெட்டுகிறவன் பயம் என்று நினைக்க வேண்டாம். அந்த 50 கிலோவாட் ஸ்ட்ரைக்கர்களை 2024இல் மேற்கு ஆசியாவுக்கு அனுப்பிப் பார்த்த பிறகு, அமெரிக்க ராணுவத்தின் கொள்முதல் பொறுப்பில் இருந்த டக் புஷ் செனட் குழுவிடம் வெளிப்படையாகவே சொன்னார்: ஓயாமல் நகரும் வண்டியில் அந்த அளவு பவரைப் பொருத்துவது சவாலாக இருக்கிறது, வெப்பத்தை வெளியேற்றுவது, எலக்ட்ரானிக்ஸ் குவியல், வண்டியின் தேய்மானம் எல்லாம் சேர்ந்து படுத்துகிறது என்று. ஒரே இடத்தில் நிற்கும் லேசருக்கு இத்தனை பாடு இல்லை. கப்பலுக்கு இன்னும் சுகம், மெகாவாட் கணக்கில் ஜெனரேட்டர், சுற்றிலும் கடல் தண்ணீர். பிரிட்டன்காரன் தன் டிராகன்ஃபயர் லேசரை முதலில் போர்க்கப்பலில் ஏற்றப் போவது சும்மா இல்லை.

நம் ஆட்கள் செய்ததைக் குறைத்துப் பேச இதை எழுதவில்லை. வண்டியில் ஏற்றிய 30 கிலோவாட் லேசரால் பறக்கும் ட்ரோனை வீழ்த்துவது சாதாரண வேலை இல்லை, ஏப்ரல் மாசக் கர்னூல் வெயிலில் செய்தார்கள் என்பது எனக்குக் கூடுதல் மரியாதை. என் குறை செய்தி போடுகிறவர்கள் மீதும் கைதட்டுகிறவர்கள் மீதும்தான். எத்தனை கிலோவாட் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். தொடர்ந்து எத்தனை தடவை சுடும், ஒவ்வொன்றுக்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆற வேண்டும், ராஜஸ்தான் மே மாசத்தில் அந்த எண் எவ்வளவு குறையும், பின்னால் ஜெனரேட்டருக்கென்று இன்னொரு லாரி வருகிறதா, வந்தால் அதன் புகையும் சூடும் எதிரியின் தெர்மல் கேமராவில் தெரியாதா? ஒருத்தரும் கேட்பதில்லை.

இன்னொன்று. இதில் பாதிக்கு மேல் லேசர் வேலையே இல்லை. கம்ப்ரஸர், ஹீட் எக்ஸ்சேஞ்சர், பம்ப், கரண்டைக் கடத்தும் பஸ்பார் பட்டை, பேட்டரி பேக். வாளையாறு தாண்டினால் கோயம்புத்தூரில் பம்பு செய்கிற ஊரே இருக்கிறது. 45 டிகிரி வெயிலில், குலுங்குகிற வண்டியில், தூசியில், 100 கிலோவாட்டைத் தள்ளுகிற சில்லர் ஒன்று செய்து கொடுங்கள் என்று இந்தப் பட்டறைகளிடம் டெண்டர் விட்டால் போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள். அப்படி ஒன்று வந்தால் முதல் ஆர்டரை நானே கொடுக்கிறேன், சின்ன சைஸில்.